லா சப்பலில் ஒரு ஜெர்மன் சிப்பாய்ச் சட்டை

காலை 10.40. கார் து நோர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மெட்ரோவுக்கு இரண்டரை யூரோவாம். மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்த்தேன், கால்கள் தாமாகவே நடக்கத் தொடங்கின. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் ஒரு தேநீர், ஒன்றரை யூரோ. அதைக் குடிக்காமல் இருக்க முடியவில்லை.

11.15. மார்க்ஸ் டோர்முவா மெட்ரோ நிலையத்தின் பக்கத்தில் மரியதாசனின் தையல்கடை. மன்னார்க்காரன். இருபது வருடத்துக்கு முன் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவன். தைத்து வரும் டி-சர்ட்டுகளைச் சரிபார்க்கும் செக்கிங் மாஸ்டர் அங்கே நான். ஆடும் பொத்தானைக் கண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

"வாங்கோ அண்ணை! நல்ல நேரம் வந்தியள். ஒரு சாமானை நீங்கள் பாக்கவேணும்" என்றான்.

மேசையில் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு கம்பளிச் சட்டை. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பிரெஞ்சு மதாமுடையது. இரண்டாம் உலகப்போரில் தன் படையை விட்டுத் தப்பியோடி வந்த ஜெர்மன் சிப்பாய் ஒருவனை அவருடைய பாட்டி வைக்கோல் கொட்டகையில் ஒளித்து வைத்தாராம். மதாமின் பாட்டனுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு அவன் போனான். சட்டை இங்கே தங்கிவிட்டது. போன வாரம் பழம்பொருள் வியாபாரி ஒருவர், "நூல் புதுசு, நாடகத்துக்குத் தைத்த சட்டை" என்று சொல்லிவிட்டார்.

"குடும்பமே பொய் சொன்னதெண்டு அழுதவ. மூண்டு மணிக்கு வருவா. குப்பையில போடப்போறாவாம்."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. உள்பக்கம் புரட்டினேன். துணியில் ஐந்து எண்கள் முத்திரையிடப்பட்டிருந்தன: கழுத்து, மார்பு, முதுகு, நீளம், கை. டேப் வைத்தேன். ஒரு சென்டிமீட்டர் இப்படி அப்படி, அவ்வளவுதான். இடுப்புக் கொக்கி மாட்டும் துளைகளைச் சுற்றி மங்கிய துருக்கறை. வார் அழுத்திய இடத்தில் கம்பளி தேய்ந்திருந்தது. இப்படியெல்லாம் எவன் உட்கார்ந்து பொய்யாகச் செய்வான்?

"வியாபாரி எப்படிப் பார்த்தார்?"

மரியதாசன் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை எடுத்துவந்து கடையின் மின்விளக்கை அணைத்தான். பழைய பருத்தி நூல் இந்த வெளிச்சத்தில் இருண்டே கிடக்குமாம், புது நூல் மின்னுமாம். முன்பக்கப் பொத்தான் ஒவ்வொன்றின் அடியிலும் நீலம் பளிச்சிட்டது. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

பொத்தானைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றி மூன்று சுற்று, முடிச்சு உள்ளே செருகியிருந்தது. அட, இது எங்கள் செக்கிங் மேசை முடிச்சு! இதை ஜெர்மன்காரன் எங்கே கற்றான்?

"மரியதாசா, இது உன் கை."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மாதாவே! போன வருசம் முதுகுக் கிழிசல் தைக்கத் தந்தவ. பொத்தான் ஆடினது, சும்மா இறுக்கிவிட்டனான். அவவிட்டக் கேக்கேல்லை, சொல்லவும் இல்லை."

ஆடும் பொத்தானோடு உருப்படி வெளியே போகக்கூடாது என்று அவனைத் திட்டித் திட்டிப் பழக்கியவன் நான். யாரிடம் போய்ச் சொல்ல?

தோள்பட்டைப் பொத்தான்களில் அவன் கை படவில்லை. விளக்கைக் காட்டினோம், இருட்டு. முதுகில் அவன் தைத்த இடம் தவிர மற்றத் தையல்களும் இருட்டு.

3.00. மதாம் வந்தார். எழுபது இருக்கும், கையில் ஒரு குப்பைப் பை. நல்ல வாடிக்கையாளர், இழந்தால் மரியதாசனுக்கு நட்டம். ஆனாலும் பிரெஞ்சில் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டான். விளக்கை அவர் கையிலேயே கொடுத்தான். அவர் தோள்பட்டையைப் பார்த்தார், பொத்தான்களைப் பார்த்தார். பிறகு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார்.

சட்டை பழையது என்று என்னால் சொல்ல முடிந்தது. அதைப் போட்டிருந்தவன் யார் என்று எந்த நூலும் சொல்லாது. அதையும் மரியதாசனைப் பிரெஞ்சில் சொல்லச் சொன்னேன். மதாம் தலையசைத்தார்.

மரியதாசன் கத்தரியை எடுத்தான், தன் நூலைப் பிரிக்க. அவர் அவன் கையைத் தடுத்து ஏதோ சொன்னார்.

"இருக்கட்டுமாம் அண்ணை. ஆர் தைச்சது, ஏன் தைச்சதெண்டு எழுதித் தரட்டாம். சட்டையோட வைக்கப்போறாவாம்."

குப்பைப் பை மேசையிலேயே கிடந்தது.

5.30. கிளம்ப எழுந்தேன். திருப்பூரிலிருந்து போட்டுவந்த என் கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மரியதாசனின் கை ஊசிக்குப் போனது. பாதியில் நின்றது.

"அண்ணை, இதைத் தைக்கட்டோ?"

இருபது வருடத்தில் அவன் என்னிடம் கேட்டுவிட்டுத் தைத்த முதல் பொத்தான் அது.