தேர்தல் அன்று என் காரில் ஏறிய பெண்

சில வருடங்களுக்கு முன், ரொறன்ரோவில் நகரசபைத் தேர்தல் நடந்த ஒரு ஒக்டோபர் திங்கட்கிழமை அது. காலையிலிருந்தே மழை. மாகாணம் முழுவதும் அன்றுதான் மேயர்களுக்கும் கவுன்சிலர்களுக்கும் பாடசாலைச் சபைகளுக்கும் வாக்களிப்பு. ஸ்காபரோவில் கவுன்சிலர் பதவிக்குப் போட்டியிட்ட என் நண்பருக்காக நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கார் ஓடிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் பத்து வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவருக்குப் பேச வரும். எனக்குக் கார் ஓடத்தான் வரும்.

வேலை சுலபம் என்றுதான் சொன்னார்கள். தொலைபேசியில் இருப்பவர்கள் தமிழ் வீடுகளுக்கு எடுத்து, வாக்களிக்கப் போக வாகனம் வேண்டுமா என்று கேட்பார்கள். ஓம் என்றவர்களின் பெயரும் விலாசமும் என் கையில். நான் போய் ஏற்றி, வாக்குச்சாவடியில் இறக்கி, திரும்ப வீட்டில் விட வேண்டும். மதியத்துக்குள் ஒன்பது பேரைக் கொண்டுபோய் விட்டேன். ஒன்பது வாக்கு என்று மனதுக்குள் எண்ணியும் வைத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு மல்வேர்னில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன் போய் நின்றேன். பட்டியலில் அடுத்த பெயர் ஒரு பெண்ணுடையது. இருபது நிமிடம் வரவில்லை. மூன்று முறை தொலைபேசி எடுத்தேன். மூன்று முறையும் “இந்தா இறங்கிறன் அண்ணை” என்றார். கடைசியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மழைக்கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்து ஏறினார். அதிகாலை வேலைக்குப் போய் வந்து கண்ணயர்ந்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்டார். நானும் பரவாயில்லை என்றேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அன்று காலை அதே வளவிலிருந்து வேறொருவரை அங்கேதான் இறக்கியிருந்தேன். உள்ளே போன பெண் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். இவருடையது அந்த வளவிலுள்ள மற்றக் கட்டடமாம். அதற்கு வேறு இடமாம், ஒரு சனசமூக நிலையம். அங்கே ஓடினேன். வாகனம் நிறுத்த இடமில்லை. சுற்றிச் சுற்றி ஓரிடம் பிடித்து நிறுத்திவிட்டுப் பார்த்தால், மழையில் நனைந்துகொண்டு திரும்பி வருகிறார்.

“அண்ணை, ஐடி கேக்கினம். பேர்ஸை வேலையிலை லொக்கருக்குள்ள விட்டிட்டு வந்திட்டன் போல.”

வேலை அஜின்கோர்ட்டில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். வீட்டில் பெயரும் விலாசமும் போட்ட வேறு ஏதும் கடிதம், பில் இல்லையா என்று கேட்டேன். எல்லாம் கணவரின் பெயரிலாம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாக்கு, ஒரு வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அஜின்கோர்ட் பக்கம் திருப்பினேன். வழியில் நண்பரின் பிரசார அலுவலகத்திலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. மூன்று பேர் காத்திருக்கிறார்கள், எங்கே நிற்கிறாய் என்று கேட்டார்கள். இந்தா வாறன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்த வழி முழுக்க நான்தான் பேசினேன். எங்கள் ஆள் எவ்வளவு கெட்டிக்காரர், எங்களுக்கென்று நகரசபையில் ஒரு குரல் வேண்டும், இந்த முறை விட்டால் இன்னும் நாலு வருடம் காத்திருக்க வேண்டும். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். முதியோர் இல்லத்துக்குள் போனவர் கால் மணித்தியாலம் கழித்துப் பேர்ஸோடு வந்தார். கூட வேலை செய்யும் ஒருத்தி மறித்துக் கதைத்துவிட்டாளாம்.

திரும்பி வந்தபோது வாக்குச்சாவடியில் வரிசை கதவைத் தாண்டியிருந்தது. முக்கால் மணித்தியாலம். பிறகு உள்ளே போயும் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மேயர் பதவிக்கு நிற்பவர்களின் பட்டியல் நீளமானது. அதை மேலிருந்து கீழாக ஒரு பெயர் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டலாம் போலிருந்தது.

வெளியே வரும்போது ஆறு மணியாகிவிட்டது. காரில் ஏறியவரின் முகம் மலர்ந்திருந்தது. இந்த நாட்டுப் பிரஜையான பிறகு இதுதான் தன் முதல் வாக்கு என்றார். என் எரிச்சலும் சற்று அடங்கியது. ஒரு பெரிய சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, சும்மா பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டேன்.

“என்ன தங்கச்சி, எங்கட ஆள் வெல்லுவார் எண்டு நினைக்கிறீங்களோ?”

“தெரியாது அண்ணை. நான் அவருக்குப் போடேல்லை.”

விளக்குப் பச்சையானதுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

“பேந்து ஏன் என்ரை காரிலை வந்தனீங்கள்?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். குரலில் சண்டை இல்லை.

“போன் எடுத்த பிள்ளை, வோட்டுப் போடப் போக கார் வேணுமோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன். ஆருக்குப் போடுவியள் எண்டு அவவும் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லையே.”

பிறகு காரணத்தையும் தானாகவே சொன்னார். போன மாரிக் குளிரில் அவர்களின் கட்டடத்தில் நாலு நாள் சூடேற்றி வேலை செய்யாமல் போய்விட்டதாம். அப்போது பதவியிலிருந்த கவுன்சிலரின் அலுவலகத்துக்கு முதல் நாளே தெரிந்த ஆங்கிலத்தில் தொலைபேசி எடுத்திருக்கிறார். அன்று பின்னேரமே அங்கிருந்து ஒரு பெண் வந்தாளாம்; ஆட்கள் வந்து திருத்தும்வரை நாலு நாளும் கீழே லொபியில் வந்து நின்றாளாம். “எங்கட ஆள் எண்டு பாத்தால் அந்த நாலு நாளும் அவவைத்தான் அண்ணை எனக்குத் தெரியும்” என்றார்.

நியாயமான பேச்சு. இன்றைக்கு யோசித்தால் அது புரிகிறது. ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருக்காகச் செலவான நாலு மணித்தியாலமும், எனக்காகக் காத்திருந்த மூன்று பேரும்தான். காரை ஓரமாக நிறுத்தினேன்.

“எனக்கு வேற ஆக்களை ஏத்த வேணும். இதிலை பஸ் எடுப்பீங்கள்தானே?”

அவர் ஒரு கணம் மழையைப் பார்த்தார். பிறகு, “ஓம், எடுப்பன். நன்றி அண்ணை” என்று சொல்லி இறங்கினார். நான் திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்தேன்.

நண்பர் தோற்றுப்போனார். கொஞ்ச வாக்குகளில் அல்ல, நன்றாகவே தோற்றார்.

அடுத்த நாள் காலை நாங்கள் இருவருமாக வீட்டு முற்றங்களில் நட்டிருந்த அவருடைய பெயர்ப்பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு திரிந்தோம். ஈர மண்ணில் கம்பிகள் இறுகிப்போய் வர மறுத்தன. அவருக்குச் சிரிப்பு வரட்டும் என்றோ, கோபம் வரட்டும் என்றோ, அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். கட்டடம் எது என்று கேட்டார். சொன்னேன்.

“நாங்கள் அங்க கதவுக்குக் கீழாலை நோட்டீஸ் தள்ளிவிட்டிட்டு வந்தனாங்கள். ஒரு கதவும் தட்டேல்லை” என்றார். கம்பியிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டு, ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்: “பேந்து அவவைக் கொண்டுபோய் வீட்டை விட்டனீதானே?”

நான் அடுத்த பலகையைப் பிடுங்கக் குனிந்தேன். ஓம் என்று சொன்னேன்.

தேர்தலில் தோற்ற மனிதனுக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி அது. வாக்கைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பின்னேரம் பட்டியலைத் தேடி எடுத்து அந்தப் பெண்ணின் இலக்கத்துக்கு அழைத்தேன். நேற்று அப்படி இறக்கிவிட்டது பிழை, மன்னிக்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

“அதுக்கென்ன அண்ணை, பஸ் கெதியா வந்திட்டுது” என்றார்.

அது உண்மையா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னதா, எனக்குத் தெரியாது. நண்பரிடமும் பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இப்போதும் வேலைக்குப் போகும்போது அந்தச் சந்தியைத் தாண்டித்தான் போகிறேன். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் அவருடைய கட்டடம் நாலு நிமிட ஓட்டம் என்பதும், அந்த நாலு நிமிடத்துக்குக்கூட அவருடைய வாக்கை விலையாக வைத்திருந்தேன் என்பதும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் உறைக்கிறது.