சோதனைக்கு எடுத்த தட்டு

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு நாளிதழுக்குத் துறைமுகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் இசைத்தட்டு ஓட்டும் ஒரு டர்ன்டேபிளும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தன. ஒருநாள் இடது பெட்டியில் ஒலி மங்கியது. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிஜ் போய்விட்டது.

கப்பல்காரர்கள் கொண்டுவரும் சாமான்களை விற்கும் அண்ணாச்சி ஒருவர் இரண்டு கார்ட்ரிஜ்களை எடுத்து வைத்தார்.

"எந்தக் கப்பல் வந்தாலும் பேப்பர்ல போடுதிய. என் கடைக்கு இப்படிச் சாமான் வந்தா போட மாட்டியளோ?" என்றவர், பிறகு விஷயத்துக்கு வந்தார். "இது செராமிக்கு. சத்தம் கணீர்னு இருக்கும். ஆனா கனமா உக்காரும், தட்ட அரிச்சிரும். இது மேக்னட்டு. பூ மாதிரி உக்காரும். சத்தம் கம்மி, அதக் கூட்ட ஒரு சின்னப் பெட்டி வைக்கணும். ரெண்டையும் ஒரு வாரம் கேளுங்க. புடிச்சத வச்சிக்கிட்டு மத்தத கொண்டாங்க."

பாட்டைப் போட்டுப் பார்த்தேன். வாத்தியங்கள் குறையை மறைத்துவிடுகின்றன. ஒரு மனிதர் தனியாகப் பேசுவதுதான் சரியான சோதனை என்று நினைத்தேன். அப்படி ஒரு தட்டு என் அலமாரியில் இருந்தது. அது என்னுடையதல்ல.

எதிர்வீட்டு அக்காவுடையது. அவர் கணவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில், காசு போட்டால் பேச்சைப் பதிந்து தரும் கூண்டுக்குள் நின்று ஒரு நிமிடம் பேசி, தட்டைத் தபாலில் அனுப்பியிருந்தார். மறு வருடம் கடலில் இறந்தார். உடல் வரவில்லை. அக்கா வீட்டில் ரிக்கார்டு பிளேயர் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை, மாதா கோவிலில் நினைவுநாள் பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வருவார். ஒரே தடவை கேட்பார். இன்னொரு தடவை போடட்டுமா என்றால், "வேண்டாம் தம்பி. கேட்டுக் கேட்டுத் தேஞ்சிட்டா எங்கன போவேன்?" என்பார். தன் வீட்டுக் கூரை ஒழுகும் என்று தட்டை என்னிடமே வைத்திருந்தார்.

அந்த வாரம் அதை இரண்டு முட்களிலும் மாற்றி மாற்றி ஓட்டினேன். "ஏளா, நல்லாருக்கியா? இங்கன பயங்கரக் குளிரு. சிகப்பு வெளக்கு எரியுது, முடிக்கச் சொல்லுதான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். 'சிகப்பு' என்பதன் முதல் எழுத்து செராமிக்கில் கீறியது. மேக்னட்டில் சுத்தமாக வந்தது. குறித்துக்கொண்டேன். உறுதிப்படுத்த மறுபடியும் போட்டேன். அண்ணாச்சி சொன்னது நினைவில் இருந்தது. அந்தத் தட்டு கடையில் விற்பதைப் போலக் கெட்டியானதல்ல, மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான் என்பதும் தெரியும். இருபது தடவையாவது போட்டிருப்பேன். கடைசி நாளில் மெல்லிய கறுப்புச் சுருள் ஒன்று முள்ளில் தொங்கியது. ஊதிவிட்டேன்.

மேக்னட்டைத் தேர்ந்தெடுத்தேன். சரியான தேர்வுதான்.

நினைவுநாளன்று அக்கா முக்காட்டை எடுக்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நல்ல கார்ட்ரிஜ் தட்டில் உள்ளதை உள்ளபடி தரும். தந்தது. எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற இரைச்சல். அதற்கு அடியில் யாரோ பேசினார்கள். யார் என்று தெரியவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் கரகரப்பு.

"மிசினு சரியில்லையா தம்பி?"

"புது முள்ளு, அக்கா. இன்னும் பழகல."

"அடுத்த வருசத்துக்குள்ள பழகிருமா?"

"பழகிரும்."

அடுத்த ஆண்டு அந்த நாள் காலையில் கார்ட்ரிஜைக் கழற்றி மேசை டிராயரில் வைத்தேன். அக்கா வந்தபோது முள் உடைந்துவிட்டது என்றேன்.

"பரவால்ல தம்பி. மணப்பாட்டுல அவுக தங்கச்சி மிசினு வாங்கிருக்கா. அங்கன கொண்டுபோயிக் கேட்டுக்கிடுதேன். இவ்வளவு நாள் பத்திரமா வச்சிருந்தியளே, அது போதும்."

தட்டைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். வண்டி வரக் கால்மணி நேரம் ஆனது. இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

ஏறி உட்கார்ந்ததும் அக்கா சன்னல் வழியே குனிந்தார். "அவ இத ஒரு தடவகூடக் கேட்டதில்ல தம்பி. அண்ணன் கொரல இன்னைக்குக் கேக்கட்டும்."

நான் தலையாட்டினேன்.