வருந்தும் நண்பர்களில் முதல் பெயர்

நான் போனில் திட்டிக்கொண்டிருந்த ஆள் செத்துப்போய் அப்போது இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அது எனக்கு மட்டும் தெரியாது. நீலகிரி மலையில், பிக்கட்டியில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்த கோயமுத்தூரில், மகள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது படிக்கும் பேத்திக்குக்கூடத் தெரியும்.

நானும் அவனும் குந்தா நீர்மின் நிலையத்தில் ஒரே ஷிப்ட் பார்த்தவர்கள். ஓய்வு பெற்றபிறகும் காலையில் டீக்கடையில் சந்தித்து ஒரு சண்டை போடாவிட்டால் இருவருக்குமே டீ இறங்காது. மூச்சு வாங்குகிறதே என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் எனக்குப் புடைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெடித்தால் பிழைப்பது கஷ்டம், வெடிக்கும் முன்பே அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். கல்யாணத்துக்குக் குறிப்பதுபோலத் தேதியும் குறித்தார்கள். மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களோடு காலமெல்லாம் பிழைத்தவனுக்கு விஷயம் சட்டென்று புரிந்தது. தண்ணீரை அடைத்துவிட்டுத்தானே குழாயில் கைவைக்க முடியும்? அதேபோல என் இதயத்தையும் நிறுத்திவைப்பார்கள். புரிந்ததால்தான் பயம் வந்தது.

அந்தப் பயத்தை அவனிடம் மட்டும் சொன்னேன். பஸ் ஏற்றிவிட வந்தவன் சிரித்தான்.

"உன்ற நெஞ்சைத் தொறந்து பாத்துட்டு, உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு மூடீருவாங்க. போய்ட்டு வாப்பா. நீ கண்ணு முழிக்கறப்ப நான் முன்னால நிப்பேன்."

நிற்கவில்லை. அதுதான் என் கோபம். நான் ஆஸ்பத்திரியில் இருந்த வாரமே, காரட் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், எழவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் ஏறவே கூடாது, என்னை அழவோ ஆத்திரப்படவோ விடாதீர்கள் என்று டாக்டர் வீட்டாரிடம் சொல்லியிருந்தார். அழாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆத்திரத்தைத்தான் யாராலும் தடுக்க முடியவில்லை.

மலையிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். அத்தனை பேரிடமும் அவனைப் பற்றித்தான் பேசினேன். நன்றி கெட்டவன், பேச்சில்தான் சூரன், இனி அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன். கேட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "அவருக்கு முட்டி வலிங்க, பஸ்ஸு ஏற முடியறதில்லைங்க" என்றார். எனக்கு இன்னும் எரிந்தது. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். இருமினாலே தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். திட்டும்போதும் தலையணையைக் கட்டிக்கொண்டே திட்டினேன்.

அவன் போனுக்குக் கூப்பிட்டால் அவன் மனைவிதான் எடுத்தாள். ஒருமுறை குளிக்கிறார் என்றாள், ஒருமுறை தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றாள். மூன்றாம் முறை, "செத்தானா இருக்கானான்னு பாக்கக்கூட வல்லை. அவனெல்லாம் ஒரு மனுசனான்னு நான் கேட்டேன்னு சொல்லு அம்மிணி" என்று கத்தினேன்.

"சரிங்கண்ணா, சொல்றேன்" என்றாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

மலையேற டாக்டர் அனுமதி கொடுத்தபிறகு ஊருக்கு வந்தோம். என் மனைவி முன்பே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தாள். பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரையும் கழற்றச் சொல்லியிருந்தாள். கழற்றினார்கள். ஆனால் நல்ல பேனரை வீணாக்க எங்கள் ஊரில் யாருக்கு மனம் வரும்? டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் அடுக்கிய விறகின்மேல், மழைக்காக, எழுத்துப்பக்கம் உள்ளே இருக்கும்படி மூடியிருந்தார். காலை நடைக்கு மனைவியோடு அந்தப் பக்கம் போனேன். காற்று அதைப் புரட்டிப் போட்டிருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, ஆழ்ந்த வருத்தத்துடன் நண்பர்கள் என்று போட்டு, முதல் பெயர் என் பெயர்.

என்னிடம் மறைத்தவர்களுக்கு என் பெயரை விட்டுவிட மட்டும் மனம் வரவில்லை. விட்டிருந்தால் பின்னால் சண்டைக்கு வருவான் என்று பயந்திருப்பார்கள். வந்திருப்பேன்.

"அழுகறதுன்னா நெஞ்சைப் புடிச்சுட்டு அழுங்க" என்றாள் மனைவி. என் இரண்டு கையையும் எடுத்து அவளே நெஞ்சின்மேல் வைத்தாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அவன் மண்ணுக்குள் இருக்கும்போது நான் ஊரெல்லாம் அவனைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். உயிரைக் காப்பாற்றுவதற்காகச் செய்தார்கள், தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை, இன்றுவரை ஆறவில்லை.

அங்கிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டாள். கும்பிட்டேன். போனில் பேசியதற்கெல்லாம் மன்னித்துவிடச் சொன்னேன்.

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்குதுங்கண்ணா" என்றாள். "காரியம் முடிஞ்சதும் எல்லாரும் அவரை நல்லவரு, வல்லவருன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எப்பவும்போலத் திட்டிட்டு இருந்தீங்க. உங்க போன் வந்தா ஓடி வந்து எடுப்பேனுங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு உங்களுக்குத் தெரியாமயே இருந்திருக்கலாம்."