எதிர்ப்பு இல்லாத தீர்மானம்

அரசாங்கம் திருடனைப் பிடிக்கட்டும், வழக்கைத் தீர்க்கட்டும். மற்றபடி மனிதனைச் சும்மா விடட்டும். இதுதான் என் கட்சி. துடியலூர் பேக்கரியில் டீ ஆறிப்போகும் வரை இதைப் பேசியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் சங்கம் தொடங்கியபோது, இவ்வளவு பேசுகிறவரே தலைவராக இருக்கட்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

பதவிக்கு வந்த ஆறே வாரத்தில் பதினொரு விதிகள் எழுதிவிட்டேன். துணி காயப்போடும் இடம், வாசல் கோலத்தின் அளவு என்று எழுத எழுத ருசி பிடித்துவிட்டது. பதினொன்றாவது: வீடுகளில் வியாபாரம் கூடாது. கூட்டத்தில் வாசித்துவிட்டு, "யாருக்காச்சும் மறுப்பு இருக்குதுங்களா?" என்றேன்.

"ஆகட்டுங்க" என்று எல்லோரும் கை தூக்கினார்கள். மூன்றாம் வீட்டு அம்மாவும் தூக்கினார். கணவர் படுத்த படுக்கையான பிறகு, இட்லி மாவு ஆட்டி விற்றுத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். அவரே சம்மதித்துவிட்டாரே என்று கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கத்து ஆட்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லவே மாட்டார்கள். இங்கேயே பிறந்த எனக்கு, அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அது மறந்துபோயிற்று.

மறுநாள் காலை கிரைண்டர் சத்தம் இல்லை. மாவு வாங்கப் போன என் மனைவி வெறும் பாத்திரத்தோடு திரும்பினார். "ஏனுங்க, அந்தம்மா இனி எப்படிப் பொழைக்கும்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு ரவை வறுக்கப் போய்விட்டார். எனக்கு உப்புமா ஆகாது.

சங்கத்து முத்திரையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.

"நேத்தே வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"அத்தனை பேரு முன்னால உங்க பேச்சை எப்படிங்க தட்டறது?"

"சரி, உங்களுக்கு மட்டும் அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்துடறேனுங்க."

அவர் தயங்கினார். "கடிதமெல்லாம் எதுக்குங்க? நேத்து வரைக்கும் யாரையும் கேக்காமத்தானுங்க ஆட்டிட்டு இருந்தேன்."

வெட்கமாக இருந்தது. நான் வருடக்கணக்காகப் பேசியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து விதிகளை வரிசையாக அடித்துப்போட்டேன். கோலத்தை அடிக்க மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று.

விஷயம் தெரிந்து, சாயங்காலம் அந்த அம்மாவே ஒரு போசி நிறைய மாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"காசெல்லாம் வேண்டாமுங்க. தலைவரு நீங்க பாத்துச் செஞ்சீங்கல்ல."

எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை. மறுநாள் இட்லி பூப்போல வந்தது. நான் வாங்கிய முதல் மாமூல் அதுதான்.