ஒரு பெயருக்கு இரண்டு பேர்

அயென் கதவைத் தட்டினால் முதலில் உள்ளே போவது அவளுடைய உள்ளங்கைதான். கதவை ஒரு சாண் அளவு திறப்பாள். அந்த இடைவெளியால் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, வெளிறிய உட்புறம் கட்டிலைப் பார்க்கும்படி இரண்டு தரம் ஆட்டுவாள். பிறகு குரல் போகும். கடைசியாகத்தான் ஆள்.

அவள் சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்த முதற் கிழமை, மூன்றாம் அறை வெள்ளைக்காரக் கிழவி அவளைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவிவிட்டு வந்தாள். "இன்னும் போகவில்லையே" என்றாள் கிழவி. மூன்றாம் தரம் கழுவும்போதுதான் எது போகவில்லை என்பது அயெனுக்கு விளங்கியது. அன்று பிடித்த பழக்கம். "வெளிறின பக்கத்தை முதல் காட்டினா அவையளின்ர நெஞ்சு கொஞ்சம் ஆறுதலா அடிக்கும்" என்பாள். ஆங்கிலத்தில்தான் சொல்லுவாள். அங்கே உடுப்புத் தோய்க்கிற தனேஸ்வரியின் காதுக்குள் அது இப்படித்தான் விழும்.

பதினாலாம் அறைக்கு மட்டும் அவள் கை காட்டுவதில்லை. தாய் வீட்டுக்குள் நுழைகிற மகளைப் போல விறுக்கென்று போவாள். நடையில் உடுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கிற தனேஸ்வரிக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு பற்றி எரியும்.

வென்ட்வேர்த்வில்லுக்கும் வெஸ்ட்மீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இல்லத்தில் தனேஸ்வரி பத்தொன்பது வருடமாக உடுப்புத் தோய்க்கிறாள். உட்புறம் வெளியே வந்த சட்டையைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. கைக்குள் கையை விட்டு, வெடுக்கென்று ஓர் இழுவை, சட்டை நேராகிவிடும். தனேஸ்வரி என்ற பெயர் அவர்கள் வாய்க்குள் அடங்காததால், நெஞ்சில் குத்தியிருக்கிற அட்டையில் "டானி" என்று இருக்கும். அயென் முதல்நாள் தோய்க்கிற அறைக்கு வந்து, கையை நீட்டி, "அயென்" என்றாள். "அயர்ன்" கேட்கிறாளாக்கும் என்று தனேஸ்வரி மூலையில் இருந்த ஸ்திரிக்கைப் பெட்டியைக் காட்டி, "உங்கைதான் இருக்கு, எடுத்துப் பாவியும்" என்றாள். அயெனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. "எல்லாரும் என்னை ஐலீன் எண்டுதான் கூப்பிடுறவை. சூடாக்கி உடுப்புக்கு மேல வைக்கப் பாத்தது நீங்கள்தான், அன்ரி."

தென் சூடானில் பிறந்து, ககுமா முகாமில் வளர்ந்து, பதினாறு வயதில் சிட்னிக்கு வந்தவள். வாசல் நிலைக்குத் தலை குனிய வேண்டிய உயரம். நிறமென்றால் அப்படி ஒரு நிறம், நாவற்பழத்தை எண்ணெயில் துடைத்து வைத்தது போல. இருப்பது பிளாக்டவுனில். "ஊருக்கே உங்கட பேரை வைச்சிருக்கினம்" என்று ஒருநாள் குசினிக்காரன் பகிடி விட்டான். "அது எங்களுக்கு வைச்ச பேரில்லை. எங்களுக்கு முதல், இந்த நிலத்தில இருந்த சனத்துக்கு வைச்சது. நாங்கள் வாடகைக்கு வந்தனாங்கள்" என்று அயென் சொல்ல, அவன் வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கு சீவப் போனான்.

கடைக்குப் போனால் பற்றுச்சீட்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபடிதான் வெளியே வருவாள். கைப்பை பூட்டாமல் திறந்தே தொங்கும். யாரும் கேட்கமுன் காட்டிவிடுவாள். ரயிலில் சனம் நெரிந்தாலும் அவளுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகக் கிடக்கும். "எனக்குக் காலை நீட்ட இடம்" என்பாள். ஒன்பதாம் அறையில் ஒரு கிழவன், அவள் உணவுத் தட்டோடு போனால் முகத்தைச் சுவருக்குத் திருப்பி, "ஒழுங்கான ஒருத்தியை அனுப்பு" என்பான். "ஒழுங்கானவ லீவில போட்டா. இண்டைக்கு நான்தான்" என்று கரண்டியைக் கையில் கொடுப்பாள். ஒருமுறை அவன் சொன்ன வேறொரு சொல்லுக்காக அவள் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாள். "வயதானவர், பழைய காலத்து மனிதர், பொறுத்துக்கொள்" என்று பதில் வந்தது. அன்று அவள் தோய்க்கிற அறைக்கு வந்து, உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டுப் போனாள்.

நல்ல பிள்ளைதான். தனேஸ்வரியும் அதை மறுக்கமாட்டாள். பதினாலாம் அறை இல்லாவிட்டால்.

பதினாலாம் அறையில் கிடக்கிற நாகலட்சுமி, தனேஸ்வரியின் சின்னம்மா. கொடிகாமத்தில் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார் பெற்ற ஐந்து பெண்களில் நாலாவது. தனேஸ்வரியின் தாய் இரண்டாவது. தாய் இறந்தபோது தனேஸ்வரிக்கு நாலு வயது. நாகலட்சுமிதான் தூக்கிக்கொண்டு போய்த் தன் மகள் வைதேகியோடு மகளாக வளர்த்தாள். வைதேகி தகப்பன் பக்கத்து நிறம், எலுமிச்சம்பழம். அவளுக்கு வீட்டில் பெயர் வெள்ளைச்சி. இவளுக்குக் கறுப்பி. சின்னம்மாவின் வாயில் அந்தச் சொல் கற்கண்டு. பலகாரத்தில் பாதியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்து, "என்ர கறுப்பி எங்கை?" என்று தேடி வாயில் தீத்துவாள். அதே சொல் மற்றவர்கள் வாய்க்குப் போனதும் முள்ளாகிவிடும். சாவகச்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே யாரோ "கறுப்பி, தேத்தண்ணி கொண்டா" என்றதைக் கேட்டு, தேத்தண்ணீர் வரமுன்பே எழுந்துவிட்டார்கள். அன்றைக்குத் தனேஸ்வரிக்கு இருபத்துநாலு வயது. குசினிக்குள் நின்றபடி சொன்னாள்: "சின்னம்மா, செத்தாலும் இனி என்னை அப்பிடிக் கூப்பிடாதேங்கோ."

அவள் கூப்பிடவில்லை. முப்பத்தைந்து வருடம் "தனேஸ்" என்றே கூப்பிட்டாள். பெற்றவர்கள்கூட அப்படி ஒரு வாக்கைக் காப்பாற்றமாட்டார்கள். இப்போது தொண்ணூற்றொரு வயதில், நினைவின் முடிச்சுகள் ஒவ்வொன்றாய் அவிழ, வாக்கும் அவிழ்ந்துவிட்டது. கறுப்பி திரும்பி வந்தாள். ஆனால் வந்தது வேறு ஆளிடம்.

"கறுப்பி, வந்திட்டியோ? சாப்பிட்டியோ குஞ்சு?" என்று அயெனின் கன்னத்தைத் தடவுகிறாள். "வெயிலுக்கை திரியாதை, திரியாதை எண்டு சொன்னனான், கேட்டியே? பார், இன்னும் கறுத்துப்போனாய்." அயென் "ஓம், ஓம்" என்கிறாள். எங்கிருந்தோ பழகிக்கொண்டாள். "சாப்பிட்டனான். போட்டு வாறன்" வரைக்கும் வந்துவிட்டது. கிழவி பாதி பிஸ்கற்றைக் கடதாசியில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்திருந்து எடுத்துக் கொடுக்க, அயென் அதை இரண்டு கையாலும் வாங்கித் தின்கிறாள். வண்டியோடு நிற்கிற தனேஸ்வரியைக் கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். "ஆரது, அந்த வெளிறின மனிசி? தோய்ச்ச உடுப்பை வைச்சிட்டுப் போகச் சொல்லு."

வெளிறாமல் என்ன செய்யும்? இருபத்தாறு வருடமாகக் காலையும் மாலையும் பூசுகிற கிறீம். தலைக்கும் செம்பட்டைச் சாயம். கிறீம் கழுத்தோடு நின்றுவிடும். கை மட்டும் பழைய கைதான், சவர்க்காரத் தூளில் வெடித்தது. கைக்கு யார் பூசுவார்கள்?

அந்தச் சொல்லின் பொருள் தனக்குத் தெரியும் என்றுதான் அயென் நினைத்திருந்தாள். கிழவியின் தலைக்கு நல்லெண்ணெய் வாங்க வென்ட்வேர்த்வில்லில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனாளாம். கடைக்காரர் அரிசி அடுக்கிலிருந்து எண்ணெய் அடுக்குவரை அவள் பின்னாலேயே வந்தாராம். திரும்பி நின்று, "அங்கிள், வந்ததுதான் வந்தீங்கள், கறுப்பி எண்டா என்ன?" என்று கேட்டிருக்கிறாள். அவருக்கு வியர்த்துவிட்டது. "அது… அது ஆட்டுக்கு வைக்கிற பேர்" என்றாராம். அயெனுக்கு ஒரே சந்தோஷம். "எங்கட ஆக்களும் பிள்ளையளுக்கு மாட்டு நிறத்திலதான் பேர் வைக்கிறது, அன்ரி. அயென் எண்டா மஞ்சளும் கபிலமும் கலந்த பசு."

"அப்ப நீ சிவலையோ?" என்று தனேஸ்வரி கேட்டாள். அந்த நாவற்பழத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஆட்டுக் கதையைத் திருத்தவில்லை. கிடக்கட்டும், ஆடென்றே இருக்கட்டும் என்று விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னம்மாவின் மகன் வரதராஜா தொலைபேசி எடுத்தான்.

"தனேஸ் அக்கா, அம்மாவை அந்தக் காப்பிலியே முழுக வாக்கிறாள்?"

"அவள்தான்."

"எனக்கு நித்திரை வரேல்லை. கறுப்பு ஆள் வேண்டாம் எண்டு எழுதினா அவையள் எங்களைத்தான் பிடிப்பினம். அதாலை வேற மாதிரி எழுதிக் குடுத்திட்டன். அம்மா அந்தப் பிள்ளையை நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுறா, பாவம், அந்தப் பிள்ளையின்ர மனம் நோகுமெல்லே, வேற ஆளைப் போடுங்கோ எண்டு."

"நல்லாத்தான் யோசிச்சிருக்கிறாய்."

"உங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேப்பினம். ஓம், அது கூடாத சொல் எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ. மத்தியானச் சாப்பாட்டை நீங்களே தீத்திற மாதிரி நான் கேட்டு எடுத்துத் தாறன்."

தனேஸ்வரி தொலைபேசியை வைத்தபின், தன் கையால் சின்னம்மாவுக்குத் தீத்துவதை நினைத்துப் பார்த்தாள். அயென் வேறு மாடிக்குப் போய்விடுவாள். தேடித் தேடிக் களைத்த பிறகு கிழவியின் கண் யாரிடம் திரும்பும்? இருக்கிற ஒருத்தியிடம்தானே. ஒரே ஒரு வசனம். அதுவும் பொய்யில்லை.

மனேஜர் ஜேனட் மேசையில் மூன்று பக்கப் பத்திரத்தை விரித்து வைத்திருந்தாள். அயென் கதிரை நுனியில் இருந்தாள்.

"டானி, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" ஜேனட் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "க…ரு…ப்பீ."

"பிளாக்" என்றாள் தனேஸ்வரி. "பிளாக் கேர்ள்."

அயென் மெல்லத் திரும்பினாள். "ஆடு இல்லையோ?"

அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"உன்னைப் பாதுகாப்பதற்குத்தான் இது" என்றாள் ஜேனட். "உன்னை அந்த அறையிலிருந்து மாற்றிவிடலாம்."

"ஒன்பதாம் அறைக்கு நானும் எழுதிக் குடுத்தனான். அதுக்கு இந்தப் பேப்பர் வரேல்லையே?"

"அவர் வயதானவர், அயென். பழைய காலத்து…"

"பதினாலாம் அறை அம்மாவுக்குத் தொண்ணூற்றொண்டு. அவ என்ன, நேற்றுப் பிறந்தவவோ?"

ஜேனட்டின் கழுத்து சிவந்தது. பேனாவை எடுத்துத் தனேஸ்வரியைப் பார்த்தாள். தாளின் அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. "ஒரு பதில் போதும். இது இழிவான சொல்லா? ஆமா, இல்லையா?"

ஆம் என்பது தனேஸ்வரியின் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தாள். அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்தது கட்டத்துக்குள் விழப்போகிற புள்ளடிக் குறி. அது விழுந்தால் அயெனுக்கு ஒன்றும் இல்லை. அவள் வேறு மாடிக்குப் போய் வேறு கதவுக்குக் கை காட்டுவாள். சேலைத் தலைப்பை அவிழ்த்து, கறுப்பி எங்கை என்று தேடிய ஒரே வாய்தான் அசிங்கம் பேசியதாகத் தாளில் ஏறும். தாள் நிற்கும். தேடியவள் நிற்கமாட்டாள்.

"அது என்ர பேர்" என்றாள்.

"என்ன?"

"மை நேம். என்ர. அவவுக்கு ஆள் மாறிப் போச்சு." குரல் சத்தமாக வந்தது. "எனக்கு வைச்ச பேரைச் சொல்லி இவளைக் கூப்பிடுறா!"

ஜேனட் நெஞ்சு அட்டையைப் பார்த்தாள். "உன் பெயர் டானி அல்லவா?"

"டானி நீங்கள் வைச்சது."

அதற்கு அந்தத் தாளில் கட்டம் இருக்கவில்லை. ஜேனட் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள். ஒருவரையும் எங்கும் மாற்றவில்லை.

வெளியே நடையில் அயென் கேட்டாள்: "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை, அன்ரி?"

"சொன்னா? திருப்பித் தந்திருப்பியோ?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "தெரியாது" என்றாள் அயென். "இந்த நாட்டில சாப்பிட்டியோ எண்டு என்னைக் கேக்கிறது அவ மட்டும்தான்."

அன்று மத்தியானம் தனேஸ்வரி பதினாலாம் அறை வாசலில் வண்டியோடு நின்றாள். போகவும் இல்லை, உள்ளே நுழையவும் இல்லை. அயென் உணவுத் தட்டோடு வந்தாள். வழக்கமாகத் தோளால் தள்ளிக்கொண்டு போகிறவள், நின்றாள். தட்டை இடது கைக்கு மாற்றினாள். கதவைத் தட்டினாள். ஒரு சாண் திறந்து, விரல்களை விரித்து, அந்த அறைக்கு ஒருநாளும் காட்டாத வெளிறிய உள்ளங்கையை உள்ளே நீட்டினாள். தோளைச் சுவரோடு ஒடுக்கித் தனேஸ்வரிக்கு வழி விட்டாள்.

"ஆரது?" உள்ளேயிருந்து கிழவியின் குரல் கேட்டது. "ஆரின்ர கையது? கறுப்பி எங்கை?"

தனேஸ்வரிக்கு வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. வண்டியை விட்டாள். உட்புறம் வெளியே வந்த சட்டைக் கையைத் திருப்புகிற அதே வெடுக்கோடு அயெனின் மணிக்கட்டைப் பிடித்து, கறுத்த பக்கம் மேலே வரும்படி திருப்பினாள். பிறகு தன் வெடித்த கையையும் அதற்குப் பக்கத்தில், புறங்கை மேலே இருக்க, கதவுக்குள் நீட்டினாள்.