மாப்பிள்ளையின் மூன்று சிப்புகள்

பழுதான இரண்டு பொருள்களில் ஒன்றைப் பிரித்து மற்றதை ஓட வைக்கலாம். ஆனால் அவற்றைப் பொறுப்பில் வைத்திருக்கும் இருவருக்கும் மேலான அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். நான் பண்டகசாலைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இதுதான் விதி. என் தங்கையின் கணவரும் (எனக்கு மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான்) அங்கேயே, பக்கத்துப் பிரிவில் இருந்தவர். எனவே விதியைப் பற்றி எங்களுக்குள் தகராறு இல்லை. ஓய்வுக்குப் பிறகு எங்களுக்கு மேலான அதிகாரி யார் என்பதுதான் கேள்வி.

பொருள்கள் இரண்டும் பழைய வீட்டுக் கணினிகள். விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கியவை. டிவியில் மாட்டி ஓட்ட வேண்டும். எண்பதுகளில் நான் ஒன்று வாங்கினேன். மச்சான் வீட்டில் இருப்பது தன் வீட்டில் இல்லாமல் போகலாமா? சில வாரங்களில் அவரும் அதே மாதிரியை வாங்கிவிட்டார்.

சென்ற ஆண்டு என்னுடையது படுத்தது. ஆன் செய்தால் வழக்கமான பீப் ஒலி வரும். திரையில் மட்டும் எழுத்துகள் நெடுக்குவாட்டில் கிழிந்து கிடக்கும். மூளை சரி, படத்தை நினைவில் வைக்கும் சிப்புகள்தான் போய்விட்டன என்று பொருள். அந்தச் சிப்புகளை இன்று யாரும் செய்வதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பார்த்தேன். மேலே இருந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தேன், விரலோடு வந்துவிட்டது. அடியில் வேறு எண். போலிச் சரக்கு.

மாப்பிள்ளையின் கணினி நெடுநாளாகவே ஓடவில்லை. அதில் மூளையே போய்விட்டது; அது எங்கும் கிடைக்காது. ஆனால் பட நினைவுச் சிப்புகள் எட்டும் நன்றாக இருந்தன. பரிசோதனைக்கென்று ஒன்றை மட்டும் கழற்றிக்கொண்டு திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்.

“மச்சான், ஒத்தச் சிப்புதான். பாத்துட்டு இப்பவே குடுத்துரணும்.”

“ரசீது வேணுமா மாப்ள?”

“குடுத்தா வாங்கிக்கிருவேன்.”

என் கணினியின் மின்சுற்றுப் பலகையில் இருந்த ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் அதை ஏற்றி, காலோடு கால் ஒட்டும்படி அழுத்திப் பிடித்தேன். மூன்று இடங்களில் மட்டும் திரையில் ஒரு கிழிசல் மறைந்தது. கெட்டவை மூன்று.

“மூணா? அதுக்கு மிஷினையே எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க!”

“ஓடாத மிஷினு தானே மாப்ள?”

“ஓடாட்டி என்ன? முழுசா இருக்குல்ல. மூணக் கழட்டிட்டா அது எடைக்குப் போடுற சாமான். உங்களது ஓடும், எனது காயலான் கடைக்கு. நல்லா இருக்கே நியாயம்!”

நியாயம் அவர் பக்கமும் கொஞ்சம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. விதியைச் சொன்னேன். மேலதிகாரி யார் என்று கேட்டார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பெயர்தான் தோன்றியது: என் தங்கை. அவர் மறுக்கவில்லை. வீட்டு நடைமுறை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தொலைபேசியில் விவரம் சொன்னதும் அவள் கேட்டாள்: “ஓடுனா ரெண்டு பேரும் அதுல என்னதான் செய்வீங்க?”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

“சரி, யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். இந்தச் சொற்களை எத்தனை கோப்புகளில் நானே எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியும். சித்திரைத் திருவிழா போயிற்று. வெள்ளரிப்பிஞ்சு வந்து போயிற்று. நினைவூட்டினால், “அண்ணே, இம்புட்டு அவசரமா?” என்பாள். என் கணினி சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் வயிறு திறந்தபடி கிடந்தது. மற்ற மூலையில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவசரம் இல்லைதான்.

ஒரு நாள் முற்பகலில் இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் தோளில் ஜவுளிக்கடைப் பை, அதில் அவருடைய கணினி. தங்கை உட்காரவில்லை.

“அவரு கையாலயே கழட்டட்டும். நீ உன்னதுல வச்சு ஈயம் பத்தவை. ஓடுனதும் உன் பலகைய எடுத்து அவரு மிஷினு கூட்டுக்குள்ள வை. உள்ள உன்னது, வெளிய அவரது. இந்த வீட்டுல ஒரு மாசம், அங்க ஒரு மாசம்.”

“அப்ப என் கூடு?” என்றேன்.

“அதுல அவரு பலகைய வச்சு மூடு. முழுசா இருக்கணும்னு தானே அழுதாரு? முழுசா இருக்கும்.”

மாப்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டார். நான் ஈயத்தை உருக்கிவிட, ஒவ்வொரு சிப்பாக நெம்பி எடுத்து, பல் பிடுங்கியவர் போல என் உள்ளங்கையில் வைத்தார். கெட்டவற்றை எடுத்துவிட்டு இவற்றை நான் பற்றவைத்து முடிக்கும்வரை என் தோளுக்கு மேல் குனிந்து, “புகை வருது, புகை வருது” என்றார். வரவேண்டிய புகைதான். ஆன் செய்தோம். பீப். திரையில் எழுத்துகள் கிழிசல் இல்லாமல், நீலத்தின் மேல் வெள்ளையாக நின்றன.

முதலில் தட்டச்சுச் செய்வது யார் என்பதற்கு ஆணையில் வழி சொல்லப்படவில்லை. கேட்கலாம் என்று திரும்பினால், அதிகாரி சமையலறையில் சித்ரான்னத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அன்று ஆடிப் பதினெட்டு.