ஏழு புள்ளி மீசை

நேற்று தங்கச்சி வீட்டுக் கல்யாணப் படம் ஒன்றை என் போன் தானாகவே சுருக்கி அனுப்பிவிட்டது. நான் மணமகளைப் பார்க்கவில்லை, சத்தியமாக. ஆம்பளைகளின் மீசையெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மீசை என்றதும் எனக்கு லெமினேட்டிங் மெசின் சூடேறும் பிளாஸ்டிக் வாசம் வந்துவிடும். ஹட்டனில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் என் முதல் வேலை. ஆறு மாதம் கோடிங் படித்த திமிர் வேறு. படங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து சுருக்குவதாவது என்று நானே ஒரு புரோகிராம் எழுதினேன். பத்தே வரி. படம் என்பது வரிசை வரிசையாகப் புள்ளிகள்தானே. எட்டுக்கு ஒன்றை எடுத்துக்கொள், மிச்சம் ஏழையும் தாண்டிப் போ. எட்டு நிரையில் ஒரு நிரை மட்டும் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, மலை முடிந்தது என்று சொல்வது மாதிரி. என் அம்மா அப்படிப் பறித்திருந்தால் கங்காணி மலையை விட்டே விரட்டியிருப்பார்.

அந்தக் கங்காணிதான், எங்கள் தோட்டத்து ராமையா கங்காணி, அந்த வருடம் கோயில் திருவிழாத் தலைவர். பூசாரி கையால் காப்புக் கட்டிக்கொள்ளப் பல வருடம் காத்திருந்த மனிதர். மேலுதட்டில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி மெல்லிய மீசை. தினமும் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் அதற்கே போகும். திருவிழா நோட்டீசுக்காக அவர் கொடுத்த முழு உருவப் படத்தில் அந்த மீசை சரியாக ஏழு புள்ளித் தடிப்பு. என் புரோகிராம் மீசைக்கு மேலே ஒரு வரிசையை எடுத்தது, கீழே ஒரு வரிசையை எடுத்தது. நடுவிலிருந்த மீசை போயே போய்விட்டது. எனக்கோ எழுத்துப்பிழை பார்ப்பதிலேயே கண்.

நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் தோட்டம் தோட்டமாகப் போனது. எங்கள் பக்கம் ஒருவர் திடீரென்று மீசையை எடுத்தால், அப்பாவோ அம்மாவோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். கங்காணிக்கு அப்பா முன்பே இல்லை, அப்படியானால் அம்மாதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸில் சொந்தக்காரர்கள் மாலையோடு அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது அந்த அம்மாவேதான். அழுதவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் அவரே.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மஸ்கெலியாவில் இருந்த பூசாரி, தீட்டு வீட்டுக்காரருக்குக் காப்புக் கட்ட முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். அம்மா உயிரோடுதான் இருக்கிறார் என்று கங்காணி கத்தக் கத்த, தலைவர் பதவிக்காகச் சாவை மறைக்கிறார் என்ற சந்தேகம்தான் பூசாரிக்கு வலுத்தது. கடைசியில் அம்மாவே பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நின்றார்.

“நல்லாப் பாத்துக்குங்க பூசாரி, மூச்சு விடுறேன். காப்ப என் மவனுக்கே கட்டுங்க.”

கட்டினார். அதற்குப் பிறகுதான் கங்காணி கடைக்கு வந்து, “ஏம் புள்ள, என் மீசைய எங்க வச்ச?” என்று கேட்டார். எட்டுப் புள்ளிக் கணக்கை விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. எந்தப் புள்ளியையும் தாண்டாமல், எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக்கும்படி அன்றைக்கே திருத்தி எழுதினேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே போன் கவர் விற்கிறார்கள். புரோகிராமும் பழைய கம்ப்யூட்டரோடு போயிற்று. கடை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் கங்காணி வந்து நின்றார். மேலுதடு வெறுமையாக இருந்தது. இந்தத் தடவை தப்பு என்னுடையதில்லை. அம்மாவின் படத்தை மேசையில் வைத்தார். பழக்கதோஷம், எந்த அளவுக்குச் சுருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

“சுருக்காத புள்ள,” என்றார். “எவ்வளவு பெருசா வருமோ, அவ்வளவு பெருசாப் போடு.”